முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு

பெர்லின், மியூனிக், மிலான் என்று ஐரோப்பாவில் படிக்கவும் பிழைக்கவும் போயிருக்கிற தம்பி தங்கைகளே,

இந்த மடல் உங்கள் எல்லோருக்குமானதல்ல. பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவுக்கும் ஆகஸ்ட் கடைசியில் வெனிஸுக்கும் டிக்கெட் தேடி அலைகிறவர்களுக்கு மட்டும். அதிலும், விழா நிரலில் ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகம் கண்ணில் பட்டதும் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு அதற்கு முந்துகிறவர்களுக்கு. முந்துவதை நான் குறை சொல்லமாட்டேன். ஊர் உலகம் பார்ப்பதற்கு முன்னால் வோல்வரினைப் பார்க்கலாம் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

என் வழக்கெல்லாம் படம் முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியது. நீங்கள் அரங்கின் படியிறங்கி முடிப்பதற்குள் தீர்ப்பு எங்கள் கைபேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. 'தரம்', 'மொக்கை', 'பத்துக்கு ஆறு', 'கிளைமாக்ஸில் அழுதுட்டேன்'. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவப் போகிற வழியில் "சாம்பார்ல உப்பு தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த பந்திக்கு நிற்கிறவனுக்கு இலை போடும் முன்பே நாக்கில் உப்பு ஏறிவிடும். அந்த நிலையில்தான் நாங்கள் இங்கே இரண்டு வாரமோ ஒரு மாதமோ நிற்கிறோம்.

வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சொல்லுங்கள். ஆனால் தீர்ப்பைச் சொல்லாமல் அரங்கைச் சொல்லுங்கள். என்ன கேட்கிறேன் என்று புரிய, உங்களில் சிலர் நேரிலேயே பார்த்திருக்கக்கூடிய ஓர் இரவிலிருந்து தொடங்குகிறேன்.

2017 பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை. பெர்லின் விழாவின் 67ஆவது ஆண்டு. மறுநாள் பரிசளிப்பு. பாட்ஸ்டாமர் பிளாட்ஸில் உள்ள பெர்லினாலே பலாஸ்ட் அரங்கில், வோல்வரினின் இன்னொரு பெயரையே தலைப்பாகக் கொண்ட 'லோகன்' திரையிடப்பட்டது. நிரலில் 'போட்டிக்கு வெளியே' என்று குறித்திருந்தார்கள். அதாவது பரிசுக்கான ஓட்டத்தில் அது இல்லை. அந்த ஆண்டு நடுவர் குழுவின் தலைவர் பால் வெர்ஹோவன். 'ரோபோகாப்' எடுத்த அதே மனிதர். இயந்திர உடம்புக்குள் மாட்டிக்கொண்ட ஒரு போலீஸ்காரனின் துயரத்தை வைத்து 1987லேயே படம் பண்ணியவர் தலைவராக இருந்தும் 'லோகன்' அவர் முன்னால் பரிசுக்கு நிற்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கை.

படத்தில் புதிதாக என்ன இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் சாதாரணமாகத் தோன்றும். 2029ஆம் ஆண்டு. வோல்வரினுக்கு வயதாகிவிட்டது. காயம் ஆற நாளாகிறது. படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைக்கிறான். உலகத்தின் மிகப் பெரிய மூளை என்று பெயரெடுத்த சார்லஸ் சேவியர் மெக்சிகோ எல்லைக்கு அப்பால் ஒரு துருப்பிடித்த தொட்டிக்குள் மாத்திரையில் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். கிழவருக்கு மறதி நோய். கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். தகப்பனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட எவருக்கும் அந்தக் காட்சிகளில் சூப்பர் ஹீரோ யாரும் தெரியமாட்டார்கள். இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்ட், 1953இல் வந்த 'ஷேன்' என்ற கௌபாய் படத்தை ஹோட்டல் அறையின் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, தன் படம் எந்த வம்சம் என்பதையும் காட்டிவிட்டார். கவச உடை கிடையாது. வானத்திலிருந்து நகரத்தின் மேல் எதுவும் விழவில்லை. அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் போகலாம் என்ற 'ஆர்' சான்றிதழ்.

இதை முதலில் பார்த்த பொதுமக்கள் யார்? பெர்லின் ஊர்க்காரர்கள். அந்த விழாவை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். கான் விழா தொழில்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்குமானது. ஊர் ஜனம் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நடிகைகளின் உடையைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். பெர்லினில் வழக்கமாக ஓர் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேலான டிக்கெட்டுகள் பொதுமக்களுக்கு விற்கின்றன. அந்தக் காலத்தில் பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் வணிக வளாகத்துக்குள் கவுண்ட்டர் போட்டு விற்பார்கள், விடியற்காலையிலேயே வரிசை கட்டிவிடும். பிப்ரவரிக் குளிரில் மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்த மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரலாம். அவர்களோடு நீங்களும். சூப்பர் ஹீரோ படத்தை இப்படி ஒரு கூட்டத்தோடு பார்ப்பது வேறு. எல்லோரும் வோல்வரின் ரசிகர்கள் அல்ல, எல்லோரும் விமர்சகர்களும் அல்ல.

அன்றிரவு அரங்கில் என்ன நடந்தது என்று நமக்குச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். உங்களைப் போல அவரும் அங்கே பார்வையாளராகத்தான் உட்கார்ந்திருந்தார்: சேவியராக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட். சில நாள் கழித்து மேடையில் அவர் சொன்ன கதையின் சாரம் இது. அவரும் வோல்வரினாக நடித்த ஹ்யூ ஜாக்மனும் மேங்கோல்டும் வரிசையாக உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். ஸ்டூவர்ட் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டவர். கடைசிச் சில நிமிடங்களில் ஜாக்மன் அவர் கையைப் பிடிக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஜாக்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், தானும் அதையேதான் செய்திருக்கிறோம் என்று ஸ்டூவர்ட்டுக்குத் தெரிகிறது. படம் முடிகிறது. மூவரையும் மேடைக்கு அழைக்கவேண்டும். ஆனால் பெயர்ப் பட்டியல் முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் அழைப்பார்கள். அதுவரை இருட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில் ஸ்டூவர்ட் ஒரு முடிவுக்கு வருகிறார்: சேவியரிடமிருந்து விடைபெற இதைவிட நல்ல வழி இனி அமையாது. அன்றிரவே ஜாக்மனிடம் சொல்லிவிடுகிறார், எனக்கும் இதோடு போதும் என்று. ஜாக்மன் விலகுவது ஊருக்கே தெரிந்த செய்தி. ஸ்டூவர்ட் விலகியது அந்த இருக்கையில் உட்கார்ந்தபடி எடுத்த முடிவு.

பெயர்ப் பட்டியல் ஓடுகிற நேரத்தைக் கவனித்தீர்களா? எங்கள் ஊரில் அந்த நேரமே கிடையாது. கடைசிக் காட்சி இருளும்போதே விளக்கைப் போட்டுவிடுவார்கள், பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள், அடுத்த காட்சிக்காகத் துடைப்பத்தோடு ஆள் உள்ளே வந்துவிடுவார். அதற்கும் முன்னால், இடைவேளையே வைக்காமல் எடுத்த படத்தில் நடுவே ஒரு வெட்டுப் போட்டு இடைவேளை விட்டிருப்பார்கள். 137 நிமிடப் படத்தை நீங்கள் மூச்சுவிடாமல் பார்க்கிறீர்கள். நாங்கள் பாதியில் எழுந்து பாப்கார்ன் வாங்கிவிட்டு வந்து மீதியைப் பார்க்கிறோம். அரங்கைச் சொல்லுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். படத்தின் கதை எப்படியும் எங்களுக்கு வந்துவிடும். அந்தப் பெயர்ப் பட்டியல் ஓடுகையில் பெர்லினில் ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் உட்காரும் அரங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது வராது. யாராவது எழுந்தார்களா? கைதட்டல் உடனே வந்ததா, தயங்கி வந்ததா? சேவியரும் லோகனும் செத்துப்போகிறார்கள் என்பது 2017 மார்ச் 3ஆம் தேதி வெளியீட்டுக்கு முன்பே எங்களுக்கு ஓரளவு தெரிந்த சங்கதி. ஜாக்மன் கடைசி முறை நடிக்கிறார் என்று விளம்பரம் பண்ணிய படத்தில் வேறென்ன நடக்கும்?

(அந்த விடைபெறுதல் எத்தனை நாள் நின்றது என்று கேட்காதீர்கள். 2022இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகத்தில் ஸ்டூவர்ட் திரும்பி வந்தார். 2024 ஜூலையில் 'டெட்பூல் அண்ட் வோல்வரின்' படத்தில் ஜாக்மனும் வந்தார். அந்த வணிகத்தில் மரணம் என்பது ஒப்பந்தத்தின் ஒரு விதி. ஆனாலும் அன்றைய இருட்டில் கிழவர் எடுத்த முடிவு பொய் என்று நான் சொல்லமாட்டேன்.)

'லோகனு'க்கு முன்பும் சூப்பர் ஹீரோ படங்களின் அடுத்த பாகங்கள் விழாக்களுக்குப் போயிருக்கின்றன. 2006 மே மாதம், 'லோகன்' வந்த அதே 'எக்ஸ்-மென்' வரிசையின் மூன்றாம் பாகம் கான் விழாவில், அதுவும் போட்டிக்கு வெளியேதான், காட்டப்பட்டது. நான்கே நாளில் உலகமெங்கும் திரைக்கு வந்துவிட்டது. இடைவெளி அவ்வளவு குறுகியதால் முன்னால் பார்த்தவர்களின் பேச்சு எங்களை எட்டுவதற்குள் நாங்களும் பார்த்துவிட்டோம். அந்தப் படத்திலும் சேவியர் நடுவிலேயே இறந்துபோவார், பெயர்ப் பட்டியலின் வாலில் ஒரு துண்டுக் காட்சியில் திரும்பிவிடுவார். விளக்கைப் போட்டு எங்களை வெளியே தள்ளிய தியேட்டர்களில் அவர் செத்தவர் செத்தவராகவே இருந்தார். 2008இல் கில்லெர்மோ டெல் டோரோவின் 'ஹெல்பாய்' இரண்டாம் பாகம் லாஸ் ஏஞ்சலஸ் விழாவின் நிறைவுப் படம். பூதத்தையும் அசுரனையும் கட்டி அழுகிற அந்த மனிதருக்கு ஒன்பது ஆண்டு கழித்து, மீன் மனிதனைக் காதலிக்கும் ஊமைப் பெண்ணின் கதைக்காக வெனிஸ் தங்கச் சிங்கத்தைக் கொடுத்தது. 'ஹெல்பாய்' படங்களை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க்கின் டிரைபெக்கா விழா 2007இல் செய்தது. 'ஸ்பைடர்மேன்' மூன்றாம் பாகத்தின் அமெரிக்க முதல் காட்சியை அவர்கள் மன்ஹாட்டனில் வைக்காமல் குவீன்ஸில் வைத்தார்கள். பீட்டர் பார்க்கர் வளர்ந்த பேட்டை அது. படம் என்னவோ சுமார்தான், வில்லன்கள் மூன்று பேரும் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் சொந்தப் பேட்டைப் பையன் என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்பது அபத்தம்.

இனி வெனிஸ். இதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே வெனிஸால்தான்.

லீடோ தீவில் 1932இல் தொடங்கிய விழா. உலகத்தின் மிகப் பழைய திரைப்பட விழா அதுதான். 2019இல் அங்கே 'ஜோக்கர்' போட்டிப் பிரிவில் நுழைந்தது. காமிக்ஸ் பாத்திரத்தின் படம் போட்டியிலா என்று புருவம் உயர்த்தியவர்கள் இருந்தார்கள். லுக்ரேசியா மார்ட்டெல் தலைமையிலான நடுவர் குழு அதற்கே தங்கச் சிங்கத்தைக் கொடுத்தது. அக்டோபர் 4ஆம் தேதி வெளியாகி நூறு கோடி டாலரைத் தாண்டியது. 'ஆர்' சான்றிதழ் பெற்ற படங்களில் அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் படம். ஜோக்கராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர், இசையமைத்த ஹில்டுர் குட்னாடோட்டிருக்கு ஆஸ்கர்.

ஐந்து ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 4ஆம் தேதி, அதே இயக்குநர் டாட் பிலிப்ஸ் அதே தீவுக்கு 'ஜோக்கர்: ஃபோலி ஆ து' என்ற அடுத்த பாகத்தோடு வந்தார். கூடவே பாடகி லேடி காகா. இதுவும் போட்டிப் பிரிவில். இப்போது சிறையும் நீதிமன்றமுமாகக் கதை, நடுநடுவே பழைய பாட்டுகள். சாலா கிராண்டே என்ற அந்த அரங்கில் சுமார் ஆயிரம் பேர் உட்காரலாம். நட்சத்திரங்கள் மாடியில் இருப்பார்கள். படம் முடிந்ததும் கீழே இருப்பவர்கள் திரும்பி நின்று மேலே பார்த்துக் கைதட்டுவார்கள். கேமரா நட்சத்திரங்களின் முகத்தை விட்டு அகலாது. யாரும் முதலில் நிறுத்த மாட்டார்கள். மேலே நிற்கிறவர் கண்கலங்கி நிற்கும்போது கையைக் கீழே போட யாருக்கு மனம் வரும்?

பத்து நிமிடத்துக்கு மேல் கைதட்டல் என்று அன்றிரவே செய்தி. பத்திரிகைக்குப் பத்திரிகை நிமிடக் கணக்கு வேறு. முதல் பாகத்துக்கு எட்டு நிமிடம் என்று எழுதியிருந்தார்கள், ஆக இது அதைவிடப் பெரிய படம் என்று ஆகிவிட்டதல்லவா? உங்களில் சிலர் அந்தக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே அனுப்பினீர்கள். 'அண்ணா, பன்னெண்டு நிமிஷம்!'

பிறகு நடந்தது தெரியும். முதல் விமர்சனங்கள் கலவையாக வந்தன, வெளியீடு நெருங்க நெருங்க இன்னும் சரிந்தன. இசபெல் யூப்பேர் தலைமையிலான நடுவர் குழு பரிசு எதுவும் கொடுக்கவில்லை. தங்கச் சிங்கம் ஸ்பானிய இயக்குநர் அல்மோடோவாருக்குப் போனது. அமெரிக்காவில் படம் வெளியாகும் முதல் நாளில் தியேட்டர் வாசலில் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்குகிற சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம் உண்டு. முதல் பாகத்துக்குப் பார்வையாளர்கள் 'பி பிளஸ்' போட்டிருந்தார்கள். இதற்கு 'டி'. காமிக்ஸ் படங்களிலேயே அவ்வளவு குறைந்த மதிப்பெண் அதற்கு முன் வந்ததில்லை. முதல் வார இறுதியில் அமெரிக்காவில் முதல் பாகம் ஒன்பதரைக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, இது நான்கு கோடியைக்கூட எட்டவில்லை. இரண்டாம் வாரம் எண்பது சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. உலகம் முழுவதும் சுமார் இருபது கோடி டாலரில் நின்றது. செலவும் கிட்டத்தட்ட அவ்வளவு என்றுதான் செய்திகள் சொல்லின.

இன்னொரு கேலியும் உண்டு. 'ஜோக்கர்' முதல் பாகம் வைத்திருந்த 'ஆர்' படங்களின் வசூல் சாதனையை உடைத்தது யார் தெரியுமா? பெர்லினில் செத்துப்போன வோல்வரின்தான், 'டெட்பூல் அண்ட் வோல்வரின்' வழியாக. 2024 ஆகஸ்டில், வெனிஸ் விழா தொடங்குவதற்குச் சற்று முன்னால்.

கைதட்டியவர்கள் பொய்யாகத் தட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. எதற்குத் தட்டினார்கள் என்பதுதான் கேள்வி. வந்திருக்கிற நட்சத்திரத்துக்கா, ஐந்து ஆண்டு முன் பரிசு வாங்கிய படத்தின் நினைவுக்கா, இவ்வளவு செலவு செய்து தன் ரசிகனையே சீண்டிப் பார்க்கிற ஓர் இயக்குநரின் துணிச்சலுக்கா, இல்லை தாங்கள் அங்கே இருக்கிறோம் என்ற சந்தோஷத்துக்கா? நிமிடக் கணக்கில் இது எதுவும் தெரியாது. அங்கே நின்றிருந்த உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் தட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாரா? மூன்றாவது பாட்டு தொடங்கியபோது உங்கள் வரிசையில் யாராவது பெருமூச்சு விட்டார்களா? அதை எழுதியிருந்தால் 'பன்னெண்டு நிமிஷ'த்தைவிட எங்களுக்கு அதிகம் புரிந்திருக்கும்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஒளிந்துகொண்டான் என்று சொல்லக்கூடாது. அந்தப் படம் 'டி' வாங்கவேண்டிய படம் அல்ல. நீதிமன்றக் காட்சிகள் இழுவை, லேடி காகாவுக்குச் செய்ய வேலையில்லை, முதல் பாகத்தில் நடந்ததையே சாட்சிக்கூண்டில் ஏற்றித் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் முகமூடி போட்டவனைக் கொண்டாடிய கூட்டம், முகமூடியைக் கழற்றிய மனிதனை என்ன செய்யும் என்ற கேள்வியை அது நேராகக் கேட்கிறது. முதல் நாள் தியேட்டருக்குப் போனவர்கள் அந்தக் கூட்டம்தான். அவர்கள் கோபித்துக்கொண்டதில் வியப்பில்லை. வெனிஸில் உட்கார்ந்திருந்த ஆயிரம் பேரில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சொற்பம். ஆகவே கைதட்டிய அரங்கும் 'டி' போட்ட அரங்கும் இரண்டு வேறு படங்களைப் பார்த்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், ஒரு காதில் கைதட்டல், மறு காதில் வசை.

அடுத்த பாகம் என்கிற வகைக்கே இந்தச் சிக்கல் உண்டு. முதல் பாகத்தை யாரும் எதிர்பார்ப்போடு பார்ப்பதில்லை, பார்த்தாலும் அது மெலிந்த எதிர்பார்ப்பு. அடுத்த பாகத்துக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் தன் மனசுக்குள் ஒரு படத்தை ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டு வருகிறார். விழாவில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மனப் படமே இருக்காது. போட்டிக்கு வெளியே வைத்தால் இது பெரிய குறையில்லை, விருந்துக்கு வந்த விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டுப் போகலாம். போட்டியில் வைத்தால் முதல் பாகத்தின் பரிசு முதுகில் உட்கார்ந்துகொள்ளும். 'லோகன்' பெர்லினில் எதையும் ஜெயிக்க வரவில்லை. அந்த நிம்மதி அதற்கு இருந்தது. 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்தைப் போட்டியில் சேர்த்தது வெனிஸ் விழா தன் பழைய முடிவுக்குத் தானே முதுகில் தட்டிக்கொடுத்ததுபோல எனக்குப் பட்டது. படத்துக்கு அது உதவவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யவேண்டும்? சிலது மட்டும் சொல்கிறேன்.

எந்தக் காட்சி பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நட்சத்திரங்கள் வந்த இரவுக் காட்சியா, பத்திரிகைக்காரர்களுக்கான தனிக் காட்சியா, மறுநாள் மதியம் ஊர்க்காரர்களோடு பார்த்ததா? ஒரே படம் இந்த மூன்று இடங்களிலும் மூன்று விதமாக ஓடும். கோட்டு சூட்டு போட்டுச் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்தவருக்குப் படம் நன்றாக இருந்தே தீரவேண்டும். நான்காவது படமாக, சாப்பிடாமல், குறிப்பேட்டோடு உட்காருகிற விமர்சகருக்கு எதுவும் நீளம்தான். முதல் பாகத்தைப் பார்த்தவரா, எத்தனை முறை, காமிக்ஸ் படித்தவரா என்பதையும் சொல்லிவிடுங்கள். இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த என் வயதுக்காரனுக்கும், 2008க்குப் பிறகு வந்த மார்வெல் படங்களில் வளர்ந்த உங்களுக்கும் சூப்பர் ஹீரோ என்றால் ஒரே ஆள் இல்லை. நீங்கள் யார் என்று தெரிந்தால் உங்கள் பத்துக்கு ஆறு எனக்கு எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டுக்கொள்வேன்.

முடிவைச் சொல்லாதீர்கள். 'லோகன்' முடிவை மேலே நானே போட்டு உடைத்தேன் என்பீர்கள். அது வந்து வருடங்கள் ஆகிவிட்டன. 'ஜோக்கர்' இரண்டாம் பாகத்தின் முடிவை நான் தொடவில்லை, கவனித்திருப்பீர்கள். இங்கே இன்னும் அதைப் பார்க்காமல் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. வசை கேட்டுப் பயந்து ஒத்திப்போட்டவர்கள். படம் இங்கே திரைக்கு வந்த பிறகு ஒரு வாரம் கொடுங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

பேச வேண்டாம் என்று மட்டும் யாராவது உங்களிடம் சொன்னால் கேட்காதீர்கள். 2024 நவம்பரில், ஒரு பெரிய தமிழ்ப் படம் முதல் நாளே அடி வாங்கிய பிறகு, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது: முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் வளாகத்துக்குள் மைக்கை நீட்ட யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று. வாசலில் மைக் முன்னால் கத்துகிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வருவதுண்டு. ஆனால் மைக்கைப் பிடுங்குவது விடை ஆகாது. அங்கேயும் கேள்வி ஒன்றுதான், 'படம் எப்படி இருக்கு?' பதிலும் ஒன்றுதான், கட்டைவிரல் மேலேயோ கீழேயோ. உள்ளே என்ன நடந்தது, எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது, எந்த இடத்தில் செல்போன் வெளிச்சங்கள் முளைத்தன என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. அதிகாலைக் காட்சியில் காகிதம் பறக்கவிட்டுப் பழகிய நமக்கு அரங்கைக் கவனிக்கத் தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை.

உங்களிடம் இருப்பது எங்களிடம் இல்லாத ஒன்று. சீக்கிரம் பார்த்தீர்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாத நிலையில் பார்த்தீர்கள் என்பதுதான் விஷயம். அந்தக் காட்சிக்கு முன்னால் மதிப்பெண் கிடையாது, மீம் கிடையாது, வசூல் கணக்கு கிடையாது. உங்களுக்கு அடுத்து வருகிற ஒவ்வொருவரும் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்த ஒரு முறை படம் எப்படி ஓடியது என்று உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது. அதைத் தமிழிலேயே எழுதுங்கள். வெளிநாட்டுப் பத்திரிகைத் தலைப்பை நகலெடுத்து அனுப்பினால் அது எனக்கு உங்களுக்கு முன்பே வந்திருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது கொஞ்சம் வேறு மாதிரி. 'லோகன்' காட்டிய அதே விழாவில், மறுநாள் தங்கக் கரடியை வாங்கியது இல்டிகோ என்யெடி என்ற ஹங்கேரிய இயக்குநரின் படம். புடாபெஸ்ட்டில் ஒரு மாட்டுத்தொட்டி. அங்கே வேலை செய்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒவ்வோர் இரவும் ஒரே கனவு வருகிறது. கனவில் இருவரும் பனிக்காட்டில் திரியும் மான்கள். உங்களில் யாராவது வோல்வரினுக்கு டிக்கெட் கிடைக்காத கடுப்பில் இதற்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். அப்படியானால் அதையும் எழுதுங்கள். அந்த மாதிரிப் படங்கள் எங்கள் ஊர்த் தியேட்டர் வரை வருவதில்லை. ஆகவே அவற்றின் கதையை முதல் காட்சியிலிருந்து முடிவு வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லலாம். ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அன்புடன்,
அடுத்த பந்தியிலிருந்து ஓர் அண்ணன்